மளிகைக் கடையில பொறந்த சனங்க

ரொம்பக் காலத்துக்கு முந்தி, நம்ம வெள்ளியம்புதூருக்கு பஸ்ஸே வராத காலத்துல, மாரியம்மன் கோயில் மூலையில ஒரு மளிகைக் கடை இருந்துச்சாமா. அண்ணன் தம்பி ரெண்டு பேரு கடை. அண்ணன் பேரு பொங்கியண்ணச் செட்டியாரு. தம்பி பேரு அங்கமுத்துச் செட்டியாரு. நான் சொல்ல வந்தது தம்பி கதை. ஆனா அண்ணன் இல்லாம தம்பி கதை இல்ல. அதனால ரெண்டு பேரையும் மனசுல வெச்சுக்கங்க.

கடைன்னா இப்பத்த கடை மாதிரி நெனச்சுக்காதீங்க. அவங்களைப் பெத்த அய்யன் தலையில கல்லுச் சொமந்து, காரை அரைச்சுக் கட்டுன கட்டடம். முன்னால கடை. உள்ள பெருசா ரெண்டு ரூம்பு, நெறையச் சரக்கு. பின்னால கெணறு. மழைக்கு ஒழுகாத கட்டடம்னு ஊருக்குள்ள பாத்தா கோயிலு, இந்தக் கடை, அதை விட்டா மேக்கால பண்ணையக்காரரு பருத்தி மூட்டை அடுக்கற கிட்டங்கி. மத்ததெல்லாம் ஓலைச் சாளை.

அண்ணன் வாய்க்காரரு. கடைக்கு வந்தவங்களைச் சிரிக்க வெச்சு அனுப்புவாரு. தம்பி வாயே தொறக்க மாட்டாராமா. யாரு என்ன கேட்டாலும் அவருகிட்ட ஒரே பேச்சுத்தான். "ஆகட்டுங்க, பாக்கலாமுங்க."

நல்ல பெருங்காயம் வேணுமுங்கன்னா, "ஆகட்டுங்க, பாக்கலாமுங்க." எம் மவளுக்கு ஒரு எடம் பாத்துச் சொல்லுங்கன்னா, "ஆகட்டுங்க, பாக்கலாமுங்க." அப்படிச் சொல்லிட்டார்னா அது நடந்த மாதிரித்தான். சனங்க நிம்மதியா வூட்டுக்குப் போயிருவாங்க.

அந்தக் காலத்துல ஒரு பொம்பளைக்கு மாசம் நெருங்குச்சுன்னா, அவ வூட்டுல இருந்து யாராச்சும் வந்து பிரசவச் சாமான் கேப்பாங்க. சுக்கு, திப்பிலி, ஓமம், பனங்கருப்பட்டி, இன்னும் என்னென்னமோ. பெத்தவளுக்கு மருந்து கிண்டிக் குடுக்கறதுக்கு. அந்தப் பொட்டலத்தை மட்டும் தம்பிதான் கட்டுவாரு. அண்ணனைக் கட்ட விட மாட்டாரு.

அதுல சில பொட்டலம் திரும்பி வரும். ஆமா சாமி, திரும்பி வரும். கட்டுன நூலு கட்டுனபடியே இருக்கும். கொண்டாந்தவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "இது வேண்டியதில்லாமப் போச்சுங்க"ம்பான். அவரும் ஏன்னு கேக்க மாட்டாரு. கேக்கறதுக்கு என்ன இருக்குது? வாங்கி உள்ள வெச்சுட்டு, அன்னிக்குப் பூரா யாரு மொகத்தையும் பாக்க மாட்டாராமா. அதிகமாத் திரும்பி வந்தது எங்க இருந்துன்னா, தெக்கு வளவுல இருந்து. ஊருக்குத் தெக்க ஒதுக்கி வெச்சிருந்த சனங்க, பண்ணையத்துல வேலை செஞ்சவங்க. அவங்களுக்கு நல்ல கஞ்சியும் இல்ல, வைத்தியமும் இல்ல.

அப்படி இருக்கையில ஒரு நாளு செட்டியாரு வூட்டுப் பொட்டலமே பிரிக்காமக் கெடந்துச்சு.

பொங்கியண்ணனுக்கு ஒரே மவ. செல்லாத்தான்னு பேரு. தலைப்பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்கு வந்திருந்தா. வலி எடுத்துச்சு, புள்ளை எறங்கல. மருத்துவச்சி பாத்துப் பாத்துட்டு, "என் கையில இல்லீங்க, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க"ன்னுட்டா. வண்டியைக் கட்டினாங்க. மாட்டை ஓட்டுனது அங்கமுத்துத்தான். டவுனு என்ன பக்கத்துலயா இருக்குது? ஆத்து மணல்ல சக்கரம் பொதையுது, எறங்கித் தள்ளறாங்க, ஏறறாங்க.

செல்லாத்தாப் புள்ளை கேக்குதாமா, "சித்தப்பா, இன்னும் எத்தனை தூரமுங்க?"

"அதா, மேடு தெரியுது பாரு சாமி, அது ஏறுனா டவுனுதான்."

மேடு ஏறுனாங்க. டவுனு இல்ல. மறுபடியும் கேக்குது, "சித்தப்பா, இன்னும் எத்தனை தூரமுங்க?"

"இந்த மேடு இல்ல சாமி, அடுத்த மேடு."

அடுத்த மேடும் ஏறுனாங்க. அதுக்கப்புறம் அவ கேக்கல. இவரு மட்டும் அடுத்த மேடு, அடுத்த மேடுன்னு சொல்லிக்கிட்டே ஓட்டிக்கிட்டிருந்தாராமா. பின்னால இருந்து அவ அம்மா குப்பாத்தா, "வண்டியைத் திருப்புங்க கொழுந்தனாரே"ன்னு சொன்னப்பறந்தான் நிறுத்துனாரு.

வாய்க்காரரு வாய் அன்னிக்கு அடைச்சுது. கடைக்கு வந்தவங்க சிரிச்சுப் போன காலம் அதோட போச்சு. அண்ணனும் பேசறதில்ல, தம்பியும் பேசறதில்ல. பேச்சில்லாத கடையா அது நடந்துக்கிட்டிருந்துச்சு.

ரெண்டு வருசமோ மூணு வருசமோ போச்சு. எல்லாருக்கும் ஓட்டுன்னு வந்துச்சு. ஆம்பளைக்கும் ஓட்டு, பொம்பளைக்கும் ஓட்டு, பண்ணையக்காரருக்கும் ஓட்டு, பண்ணையத்து ஆளுக்கும் ஓட்டு. மெட்ராஸ் சட்டசபைக்கு நம்ம பக்கத்துல இருந்து ஒரு ஆளை அனுப்போணும். மேக்கால பண்ணையக்காரரு நிக்கறேன்னாரு. அவரு நின்னா நானும் நிப்பேன்னாரு கெழக்கால பண்ணையக்காரரு. ரெண்டு பேருக்கும் பரம்பரைப் பகை. நின்னா வெட்டுக்குத்துல முடியும்னு பெரியவங்க எல்லாம் கூடிப் பேசி, "நீங்களும் வேண்டாம், அவரும் வேண்டாம். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு வாயில்லாப் பூச்சியை நிறுத்துங்க"ன்னாங்களாமா.

அப்படிப்பட்ட ஆளு யாரு? ஊருக்கே தெரியும். நேராக் கடைக்கு வந்தாங்க.

"செட்டியாரே, நீங்க எலெக்சன்ல நிக்கோணும்."

அங்கமுத்து பருப்பை அள்ளிக்கிட்டிருந்தாரு. "ஆகட்டுங்க, பாக்கலாமுங்க."

அவரு சம்சாரம் வள்ளாத்தாளுக்குச் சிரிப்பு தாங்கல. "உங்களுக்குக் கடையில நின்னே பேச வராதே, மெட்ராஸ் போயி என்னங்க பேசுவீங்க?"

"பேசறதுக்கா போறேன்? ஒண்ணு கேக்கறதுக்குப் போறேன்"ன்னாராமா.

என்ன கேக்கன்னு வள்ளாத்தா திருப்பிக் கேக்கல. அவளுக்குத் தெரியும்.

ஊரு ஊராப் போயி அவரு ஓட்டுக் கேட்டதே இல்லைன்னு சொல்லுவாங்க. போன எடத்துல கும்பிடு போட்டுட்டு நிப்பாராமா. பொம்பளைங்கதான் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கிட்டாங்க. "யாருக்குடி போடறே?" "மளிகைக்காரருக்கு." "நானும் மளிகைக்காரருக்குத்தான்." அவ்வளவுதான் பிரசாரம். செயிச்சுட்டாரு. மாலை போட்டாங்க, வெடி போட்டாங்க, தோள்ல தூக்கிட்டு வந்தாங்க. எறக்கி விட்டதும் மாலையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, கடையில காத்துக்கிட்டிருந்த ஒரு பொம்பளைக்கு உப்பு அளந்து போட்டாராமா.

மெட்ராஸ் போனாரு. சபையில கடைசி வரிசையில உக்காந்தாரு. பெரிய பெரிய வக்கீலு, ஜமீன்தாரு எல்லாம் எந்திரிச்சு நின்னு மணிக்கணக்காப் பேசறாங்க. இவரு கேட்டுக்கிட்டே இருப்பாரு. சபை கலைஞ்சதும் நேரா மந்திரி ஆபீசு வாசல்ல போயி பெஞ்சில உக்காந்துக்குவாரு. சேவகன் போகச் சொன்னா எந்திரிச்சு நிப்பாரு, அவன் அக்கட்டால போனா மறுபடியும் உக்காந்துக்குவாரு. மந்திரிக்கே பழகிப் போச்சாமா.

"என்ன செட்டியாரே, மறுபடியும் வந்துட்டீங்களா?"

"வந்துட்டனுங்க."

"அதேதானா?"

"அதேதானுங்க. பிரசவ ஆஸ்பத்திரி."

"உங்க ஊரு மாதிரி எத்தனை ஊரு இருக்குது தெரியுமா?"

"தெரியுமுங்க. அந்த ஊர்க்காரங்களும் வந்து உக்காரட்டுங்க. நான் நகந்து எடம் விடறேன்."

மந்திரி சிரிச்சுட்டாராமா. அப்படி வருசம் ஒண்ணு போச்சு, ரெண்டும் போச்சு. கடைசியில உத்தரவு வந்துச்சு. நர்சம்மா சர்க்காரு அனுப்பும், கட்டிலு மருந்து சர்க்காரு குடுக்கும். கட்டடம் மட்டும் ஊருதான் குடுக்கோணும். பங்குனி முடியறதுக்குள்ள கட்டடத்தைக் காட்டலைன்னா ஆஸ்பத்திரி வேற ஊருக்குப் போயிரும்.

மேக்கால பண்ணையக்காரரு தாராளமாச் சொன்னாரு, "எங் கிட்டங்கியை எடுத்துக்கங்க செட்டியாரே. பருத்தி இல்லாமச் சும்மாத்தான் கெடக்குது." ஊரே போயிச் சுண்ணாம்பு அடிச்சுச்சு. அங்கமுத்தும் மெட்ராசுல இருந்து வந்து சேந்தாரு. கிட்டங்கிக்குள்ள நின்னு செவுத்தைத் தடவித் தடவிப் பாத்தாராமா. இங்க ஒரு கட்டிலு, அங்க ஒரு கட்டிலு, சன்னலுக்குப் பக்கத்துல தொட்டிலுன்னு மனசுக்குள்ளயே போட்டுப் பாத்துக்கிட்டாரு.

அப்பத்தான் பண்ணையக்காரரு பக்கத்துல வந்து, ஒண்ணுமில்லாத சமாச்சாரம் மாதிரி மெதுவாச் சொன்னாரு. "செட்டியாரே, ஒரே ஒரு விசயம். தெக்கு வளவுப் பொம்பளைங்க வந்தா வெளிய கொட்டாயில வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. உள்ள வரப்படாது. எங்கூட்டுப் பொம்பளைங்க படுக்கற எடம் பாருங்க. வேற ஒண்ணும் நாங் கேக்கல."

சுத்தி ஊர்ப் பெரியவங்க நிக்கறாங்க. எல்லாரும் அங்கமுத்து வாயைப் பாக்கறாங்க. என்ன சொல்லுவாருன்னு எல்லாருக்கும் தெரியும். காலமெல்லாம் சொன்னதுதான.

அவரு நெனச்சுப் பாத்தாராமா. அவரு கடையிலயும் அந்தச் சனங்க வாசலுக்கு வெளிய நின்னுதான் வாங்கினாங்க. பொட்டலத்தை இவரு படியில வெப்பாரு, அவங்க எடுத்துக்குவாங்க. திரும்பி வந்த பொட்டலத்தையும் அதே படியிலதான் வெச்சுட்டுப் போனாங்க. அய்யன் காலத்துல இருந்து அப்படித்தான். அதை இவரு ஒரு நாளும் ஏன்னு கேட்டதில்ல.

"ஆகாதுங்க"ன்னாரு.

பண்ணையக்காரருக்குக் காது கேக்கலையோன்னு ஆயிருச்சு. "என்ன சொன்னீங்க?"

"ஆகாதுங்க. எல்லாருக்கும் ஒரே வாசலா இருந்தா வாங்கிக்கறேன். இல்லைன்னா வேண்டாமுங்க."

சொல்லிட்டுக் கும்பிட்டு வெளிய வந்துட்டாரு.

பண்ணையக்காரரு கிட்டங்கியைப் பூட்டினாரு. அவரு பூட்டினப்பறம் வேற யாரு குடுப்பாங்க? கெழக்கால பண்ணையக்காரரும், பகை வேற, இது வேறன்னு ஒதுங்கிக்கிட்டாரு. பங்குனி ஓடுது. டவுன்ல இருந்து கட்டடம் பாக்க லேடி டாக்டர் வராங்கன்னு தகவலும் வந்துருச்சு.

மறுநாக் காலையில கடை தொறந்ததும் அங்கமுத்து அண்ணன் முன்னால போயி நின்னாரு.

"அண்ணா, நம்ம கடையைக் குடுத்தரலாமுங்களா?"

"எதைக் குடுக்கறது?"

"இந்தக் கட்டடத்தைங்க."

பொங்கியண்ணன் வருசக்கணக்காப் பேசாத மனுசன். அன்னிக்குப் பேசினாரு. தெரு முச்சூடும் கேட்டுச்சாமா.

"எம்.எல்.ஏ. ஆனா என்ன வேணும்னாலும் கேப்பயா நீ? நம்ம அய்யன் தலையில கல்லுச் சொமந்து கட்டுனது இது. இதை வுட்டா நமக்கு என்ன பொழப்பு இருக்குது? எம் மவ போயாச்சு. இனி ஆஸ்பத்திரி கட்டுனா அவ எந்திரிச்சு வரப் போறாளா? சொல்றா, வரப் போறாளா?"

அங்கமுத்து தலையைக் குனிஞ்சு நின்னாரு. அண்ணன் கேட்டது நாயந்தான. சரீங்கண்ணான்னு திரும்பப் போனாரு.

அப்பத்தான் உள்ள இருந்து குப்பாத்தா வந்தா. அண்ணன் சம்சாரத்தை நம்ம பக்கம் நங்கையான்னுதான கூப்புடுவோம், அந்த நங்கையா. யாரு மொகத்தையும் பாக்கல. முந்தானையை இழுத்துச் சொருகுனா. நேராப் போயி உப்பு மூட்டையைக் கட்டிப் புடிச்சு இழுக்க ஆரம்பிச்சுட்டா. மூட்டை நகருமா? பொம்பளையாளு. இழுக்கறா, நிக்கறா, இழுக்கறா.

"என்ன பண்றே நீ?"ன்னாரு பொங்கியண்ணன்.

"அவ வர மாட்டாளுங்க. எனக்குத் தெரியாதா?" அப்படீன்னா குப்பாத்தா. மூட்டையை விடல. "அந்தப் பக்கம் புடிங்க. என்னால தனியாத் தூக்க முடியல."

பொங்கியண்ணன் துண்டை எடுத்துத் தலையில கட்டிக்கிட்டு, குனிஞ்சு மூட்டையோட மறுபக்கத்தைப் புடிச்சாரு. புருசனும் பொண்டாட்டியும் உப்பு மூட்டையைத் தூக்கிக்கிட்டு வாசப்படி எறங்கிப் போனதைத் தெருவுல நின்னு பாத்தவங்க அழுதாங்களாமா.

எதுத்தாப்புல பெரிய புளியமரம். சரக்கெல்லாம் அதுக்கடியில போயிருச்சு. வள்ளாத்தா புளிப்பானையைத் தூக்கினா. ஊருச் சனம் ஒவ்வொருத்தரா வந்து ஆளுக்கொண்ணு தூக்குச்சு. தெக்கு வளவு ஆளுங்க வாசல்ல வந்து தயங்கி நின்னாங்க. "அரிசி மூட்டை இன்னும் உள்ளதான் இருக்குது, வந்து தூக்குங்கப்பா"ன்னு அங்கமுத்து கூப்புட்டாரு. அன்னிக்குத்தான் அந்தப் படியில அவங்க காலு பட்டுச்சு.

லேடி டாக்டர் வந்தாங்க. கட்டடம் காலியா இருக்குது, கழுவி விட்டிருக்குது, செவுத்துல சுண்ணாம்பு ஈரங்கூடக் காயல. ஆனா எத்தனை வருசத்து மொளகா நெடி! உள்ள காலு வெச்சதும் அந்தம்மாவுக்குத் தும்மலு. தும்மறாங்க, தும்மறாங்க, நிக்கவே இல்லையாமா.

"இது ஆஸ்பத்திரியா, மளிகைக் கடையா?"ன்னு மூக்கைப் புடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க.

"நேத்து வரைக்கும் கடைங்க. இன்னிக்கு இருந்து ஆஸ்பத்திரிங்க"ன்னாரு அங்கமுத்து.

தும்மிக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டுப் போனாங்க. சர்க்காருக்கு எழுதிக் குடுக்கறப்ப மொத கையெழுத்து பொங்கியண்ணன் கையெழுத்து.

கட்டிலு வந்துச்சு. ஞானசௌந்தரின்னு ஒரு நர்சம்மா வந்தாங்க. வந்து நாலு நாளாகல, தெக்கு வளவு மயிலாத்தாளுக்கு வலி எடுத்துருச்சு. அவளை உள்ள கொண்டு போயிட்டாங்க. அவ புருசன் மட்டும் படிக்குக் கீழயே நிக்கறான்.

"உள்ள வாப்பா"ன்னாரு அங்கமுத்து.

"பயமா இருக்குதுங்க சாமி. மூட்டை தூக்க வந்தது வேறைங்க."

"எனக்கும் பயமாத்தான் இருக்குது. வா, ரெண்டு பேருஞ் சேந்து உக்காந்துக்கலாம்."

ரெண்டு பேரும் உள்ள பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தாங்களாமா. உள்ள இருந்து சத்தம் வர்றப்பெல்லாம் அவனை விட இவருக்குத்தான் தூக்கித் தூக்கிப் போட்டுச்சாமா. அந்த வண்டிச் சக்கரச் சத்தம் அவரு காதுல இன்னும் நிக்கல பாருங்க.

பொழுது உச்சிக்கு வந்தப்ப, கொழந்தை அழுதுச்சு. பொட்டப்புள்ளை. தாயும் சொகம், புள்ளையும் சொகம்.

நர்சம்மா கதவைத் தொறந்துக்கிட்டு வந்தாங்க. "எடை போடோணும். எடை பாக்கற மிசினு இன்னும் வரலையே"ன்னாங்க.

எடைக்கா பஞ்சம்? அங்கமுத்து ஓடிப் போயி புளியமரத்தடியில இருந்து தராசைத் தூக்கிட்டு வந்தாரு. பின்னாலயே பொங்கியண்ணன் எடைக்கல்லை எடுத்துட்டு வந்தாரு. தட்டுல வேட்டித் துணி விரிச்சு, புள்ளையைப் படுக்க வெச்சாங்க. பொங்கியண்ணன் கல்லை எடுத்து மறுதட்டுல வெக்கப் போறாரு.

"புள்ளைக்கு எதுத்தாப்புல இரும்பையா வெப்பீங்க?"ன்னு குப்பாத்தா கத்துனா. கத்திட்டு ஓடிப் போயி மடி நெறைய வெல்லத்தை அள்ளிக்கிட்டு வந்தா. ஒவ்வொரு உருண்டையா வெச்சாங்க. புள்ளை படுத்திருந்த தட்டு மெதுவா மெதுவா எழும்புது. சமமா நின்னுச்சு. அப்பறம் அந்த வெல்லத்தைத் தனியா நிறுத்து, ஆறு ராத்தலுக்குக் கொஞ்சங் கூடன்னு நர்சம்மாகிட்டச் சொன்னாங்க. இப்பத்த கணக்குல மூணு கிலோவுக்குக் கொஞ்சங் கொறைய. பொங்கியண்ணன் தராசை எறக்கவே மறந்துட்டாராமா. புடிச்ச கை புடிச்சபடி, அந்தப் புள்ளை மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னாராமா.

"எறக்குங்கண்ணா, கை வலிக்கும்"னு தம்பி சொல்லித்தான் எறக்குனாரு.

எடை நின்ன வெல்லத்தைத் திரும்பவும் கடைச் சரக்குல போடறதா? தெருவுக்குக் குடுங்கன்னுட்டா குப்பாத்தா. கோயில் வீதியில எல்லாரும் வந்து வாங்கித் தின்னாங்க. யாரு புள்ளைக்கு எடை நின்ன வெல்லம்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் தின்னாங்க.

அடுத்த எலெக்சன்ல ரெண்டு பண்ணையமும் ஒண்ணாச் சேந்துக்கிட்டாங்க. பரம்பரைப் பகையெல்லாம் அன்னிக்கு எங்க போச்சோ. அங்கமுத்து தோத்துட்டாரு. ஊர்ச் சனங்க துக்கம் விசாரிக்கற மாதிரி புளியமரத்தடிக்கு வந்தாங்க. அவரு வெயிலுக்குக் கட்டியிருந்த படுதாவை இழுத்து விட்டுக்கிட்டு, "உங்களுக்கு என்ன போடட்டுங்க?"ன்னு கேட்டாராமா. அப்பறம் அவரு எலெக்சன் பக்கமே போகல. மேக்கால பண்ணையத்து மருமகளும் அங்கதான் வந்து பெத்தா, அந்த ஒரே வாசல்லதான். பிரசவச் சாமான் கட்டிக் குடுத்தது அங்கமுத்துத்தான். அதைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசல.

இப்ப அங்கமுத்துச் செட்டியாருன்னு கேட்டா ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியை இடிச்சுப் பெருசாக் கட்டிட்டாங்க. வாசல்ல சர்க்காரு போர்டு என்னமோ நீளமா எழுதியிருக்குது. ஆனா கண்டக்டர் என்னன்னு கத்தறான்? "மளிகைக் கடை எறங்குங்க!" அங்க மளிகைக் கடையே இல்ல. எதுத்தாப்புல அவங்க பேரன் நடத்தற மளிகைக் கடைக்கு என்ன பேரு? புளியமரம். மரம் விழுந்து எந்தக் காலமோ ஆச்சு. நம்ம ஊர்ல மொளகா வாங்கப் புளியமரத்துக்குப் போறோம், புள்ளை பெக்க மளிகைக் கடைக்குப் போறோம். வெளியூர்ல இருந்து புதுசா வந்த டாக்டர்கிட்ட ஒருத்தன் போனைப் போட்டு, "சார், எம் பொண்டாட்டியை மளிகைக் கடைக்குக் கூட்டிட்டு வந்துட்டேன், சீக்கிரம் வாங்க"ன்னானாமா. அவரு முழிச்சாராமா.

வூட்டுக்குப் போறதுக்கு முன்னால இன்னிக்கும் கொழந்தையை எதுத்தாப்புல கொண்டு போயித் தராசுல வெப்பாங்க. மறுதட்டுல வெல்லம். எந்த வீதிப் புள்ளையா இருந்தாலும் சரி, அந்த வெல்லம் ஊருக்கு.

நான் சொல்ல வந்தது இத்தனைதான். இங்க உக்காந்து கேட்ட நீங்க எல்லாரும் மளிகைக் கடையில பொறந்தவங்கதான். வூட்டுக்குப் போனதும் உங்க அம்மாளைக் கேட்டுப் பாருங்க, எத்தனை வெல்லத்துக்கு நின்னீங்கன்னு.